தகவல் எல்லாம் இருக்கிறது, கட்டுரைதான் வரமாட்டேன் என்கிறது

உப்புவெளிப் பிள்ளை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வெளிவாரியாக வரலாறு படிக்கிறேன், முதல் வருடம். பகலில் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. இரவு எட்டரைக்குப் பிறகுதான் கொப்பியைத் திறக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழு நாளும் என் கையில்.

என் முதல் ஒப்படைக் கட்டுரை போன மாதம் திரும்பி வந்தது. பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். ஆண்டு ஒன்றும் பிழையில்லை, பெயர் ஒன்றும் பிழையில்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரே ஒரு வரி: "தகவல் இருக்கிறது, கட்டுரை இல்லை." புள்ளி 42. அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிழை என்று எழுதியிருந்தால் திருத்தலாம். இல்லை என்று எழுதியிருப்பதை எங்கே போய்த் தேடுவது?

இப்போது இரண்டாவது ஒப்படை. கேள்வி இதுதான்: "காலனித்துவக் காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தின் முக்கியத்துவத்தை மதிப்பிடுக." 2000 சொற்கள். மூன்று கிழமை தந்தார்கள், ஒரு கிழமை போய்விட்டது. கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷம்தான் வந்தது, எங்கள் ஊர் ஆயிற்றே. பொது நூலகத்தில் இரண்டு ஞாயிறு இருந்தேன். நூலகம் என்ற இணையத்தளத்தில் இருந்தும் பழைய மலர்கள், சஞ்சிகைகள் என்று இறக்கி வாசித்தேன். சீ.ஆர். கொப்பியில் 34 பக்கம் குறிப்பு இருக்கிறது. திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபேர்ட் நொக்ஸ் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். அதை எழுதும்போது சாப்பாடே மறந்துபோயிற்று.

திட்டம் போடாமல் எழுதியதுதான் முதல் கட்டுரையில் பிழை என்று நினைத்து, இந்தமுறை திட்டமும் போட்டேன். அறிமுகம், புவியியல் அமைவிடம், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர், முடிவுரை. ஏழு தலைப்பு. இவ்வளவும் வைத்துக்கொண்டு மூன்று இரவாக முதல் பந்தியிலேயே நிற்கிறேன். "இந்து சமுத்திரத்தின் முத்து என வர்ணிக்கப்படும் இலங்கைத் தீவின் கிழக்குக் கரையிலே இயற்கை அன்னையின் அருங்கொடையாக" என்று தொடங்குகிறேன், வெட்டுகிறேன், வேறு விதமாகத் தொடங்கினாலும் அதே முத்துதான் வந்து நிற்கிறது.

கட்டுரை எழுதிப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வாசித்து முடித்ததற்கும் எழுதத் தொடங்குவதற்கும் நடுவில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?


பாலையூற்றுக்காரன்:

தங்கச்சி, பயப்படாதீர்கள். முதல் கட்டுரையில் எனக்கும் அப்படித்தான் வந்தது. போன வருடத்து ஆட்களிடம் நல்ல புள்ளி எடுத்த ஒப்படை ஒன்றைப் போட்டோக்கொப்பி வாங்கிப் பாருங்கள். எத்தனை பந்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், உசாத்துணை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி பயம் போய்விடும். வசனத்தை மட்டும் எடுக்க வேண்டாம். அது உங்களுடையது இல்லை என்று திருத்துபவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.


கிண்ணியா ரீச்சர்:

தங்கச்சி, நான் கிண்ணியாவில் பதினாறு வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். நானும் வெளிவாரியாகத்தான் பட்டம் எடுத்தேன், அதனால் அந்த எட்டரை மணிக் கொப்பி எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஏழு தலைப்பில் இருந்து தொடங்குவோம். அது திட்டம் இல்லை, பொருளடக்கம். "ஒல்லாந்தர்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒல்லாந்தரைப் பற்றி நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பது அதில் இல்லையே. அந்தப் பந்தியை எழுத உட்கார்ந்ததும் ஒல்லாந்தரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் சரியாகவும் இருக்கும். இப்போது இதே ஏழு தலைப்பையும் "திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையின் வரலாற்றை விவரி" என்ற கேள்விக்குக் கீழே வைத்துப் பாருங்கள். ஒரு சொல் மாற்றத் தேவையில்லை, அப்படியே பொருந்தும். அந்தச் சிவப்பு வரி சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். உங்கள் கட்டுரை துறைமுகத்தைப் பார்க்கிறது, கேள்வியைப் பார்க்கவில்லை.

நான் இதை எப்படிப் பழகினேன் என்று சொல்கிறேன். நான் படித்த காலத்தில் கிண்ணியாப் பாலம் கிடையாது. 2009இல்தான் திறந்தார்கள். சனிக்கிழமை வகுப்புக்கு நகரத்துக்கு வர வேண்டுமென்றால் பாதையில் ஏற வேண்டும். (வெளியூர்க்காரர் பாதை என்றால் வீதி என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவை.) அதில் நின்றுகொண்டு புத்தகம் விரிக்க முடியாது, காற்று தாளைப் பிடுங்கும். அதனால் கட்டுரையை வாய்க்குள்ளே சொல்லிப் பார்க்கத் தொடங்கினேன். ஏறும்போது கேள்வியைச் சொல்லுவேன். அக்கரையில் இறங்குவதற்குள் பதிலைச் சொல்லி முடிக்க வேண்டும். நாலு, ஐந்து வசனம்தான். பெரும்பாலும் முடியாது. ஒன்று, பாதி தூரத்தில் கதை எங்கேயோ போய்விடும். அல்லது "முக்கியமானது, மிகவும் முக்கியமானது" என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்பேன். அப்படியான நாளில் வீட்டுக்குப் போய் எழுத உட்காரமாட்டேன். எந்த இடத்தில் வாய் நின்றதோ அந்த இடத்தைப் பற்றித் திரும்ப வாசிப்பேன். ஒருநாள் இறங்குவதற்குள் சொல்லி முடிந்துவிடும். அன்றைக்கு இரவே எழுதிவிடலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். அதில் மற்றச் சொற்களை விட்டுவிட்டுக் கடைசிச் சொல்லைப் பாருங்கள். விவரி என்று கேட்கவில்லை, விளக்குக என்றும் கேட்கவில்லை. மதிப்பிடுக. மதிப்பிடுவதென்றால் தராசில் வைக்க வேண்டும், மற்றத் தட்டிலும் ஏதாவது இருக்க வேண்டும். முக்கியம் என்றால் யாருக்கு, எதற்கு, எப்போது, எதைவிட? உங்கள் 34 பக்கத்திலும் "திருகோணமலை முக்கியமானது" என்பதற்கு எதிராக நிற்கும் தகவல் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் குறிப்பு இன்னும் முடியவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் தினமும் பார்க்கிற துறைமுகம் அது. ஆழம், சுற்றிவர மலை, உள்ளே வந்துவிட்டால் அலையே இல்லை. இவ்வளவும் இயற்கை சும்மா தந்தது. கொழும்பில் அப்படி ஒன்றும் இல்லை. 1875இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கி, 1885இல் முடித்த பிறகுதான் அங்கே பெரிய கப்பல்கள் பாதுகாப்பாக நிற்க முடிந்தது. சும்மா கிடைத்ததை வைத்துக்கொண்டு, பிரித்தானியர் ஏன் அங்கே போய்க் கடலுக்குள் கல்லைக் கொட்டினார்கள்? பதில் துறைமுகத்துக்குள் இல்லை, அதற்குப் பின்னால் இருந்த நிலத்தில் இருக்கிறது. கோப்பியும் பிறகு தேயிலையும் விளைந்தது மலைநாட்டில். கண்டிக்கும் கொழும்புக்கும் நடுவில் 1867இல் புகையிரதம் ஓடத் தொடங்கிவிட்டது. எங்கள் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்ததோ காடும் வரண்ட நிலமும் காய்ச்சலும். ஏற்றி அனுப்பச் சரக்கில்லாத இடத்துக்கு வணிகக் கப்பல் ஏன் வரப்போகிறது?

இந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அது இப்படி: "காலனித்துவ அரசுகளுக்குத் திருகோணமலை வேண்டியிருந்தது வணிகத்துக்காக அல்ல, வங்காள விரிகுடாவில் கடற்படையை வைத்திருப்பதற்காக. அதனால் அதன் மதிப்பு போர்க் காலத்தில் ஏறியது, சமாதான காலத்தில் இறங்கியது." இது என்னுடைய பதில். நீங்கள் இதை எடுக்க வேண்டியதில்லை, இதற்கு எதிராகவும் வாதாடலாம். ஆனால் இப்படி ஒரு வசனம் உங்களுக்கு என்று இருக்க வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு நேரே சுவரில் ஒட்டுங்கள்.

பிறகு அந்த வசனத்தைத் தாங்கும் வசனங்கள். தலைப்பு எழுதாதீர்கள், முழு வசனமாக எழுதுங்கள். என்னுடையது கிட்டத்தட்ட இப்படிப் போகும். ஒக்டோபரில் இருந்து வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல் ஒதுங்க இடமே கிடையாது, சென்னைக்கு முன்னாலும் புதுச்சேரிக்கு முன்னாலும் திறந்த கடல்தான். திருகோணமலையில் ஒதுங்கலாம். அதனால் இந்தியக் கரையில் சண்டை பிடித்த இரண்டு பேருக்கும் இது வேண்டியிருந்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தார், ஒரே வருடத்துக்குள். ஆனாலும் அவ்வளவு காலம் வைத்திருந்த ஒல்லாந்தர் இதைப் பெரிய வணிகத் துறைமுகமாக ஆக்கவில்லை. 1672இல் பிரெஞ்சுக் கப்பல்கள் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தபோது துரத்தினார்கள். தாங்கள் பயன்படுத்துவதைவிட மற்றவன் கையில் போகாமல் காப்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது என்று இதை வைத்து வாதாடலாம். 1795இல் பிரித்தானியர் பிடித்து, பிறகு இந்தியக் கரையில் எதிரி இல்லாமல் போனதும், வணிகம் கொழும்புக்குப் போனதைத் தடுக்க இந்தத் துறைமுகத்தால் முடியவில்லை. ஆனால் 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் அதே துறைமுகம் திரும்ப ஏறி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டதே அதற்குச் சாட்சி.

இதில் வசனங்களுக்கு நடுவே நிற்கும் சொற்களைக் கவனியுங்கள். அதனால். ஆனாலும். ஆனால். என் மாணவர்களின் கட்டுரையைத் திருத்தும்போது நான் முதலில் பார்ப்பது பந்திகளின் முதல் சொல்லைத்தான். "அடுத்து", "மேலும்", "அதன் பின்னர்" என்றே ஒவ்வொரு பந்தியும் தொடங்கினால் அது இன்னும் பட்டியல்தான், எத்தனை பக்கம் இருந்தாலும் சரி. "ஆனாலும்" என்று ஒரு பந்தி தொடங்க வேண்டுமென்றால் எழுதுகிறவர் யோசித்தே ஆக வேண்டும். உங்கள் முதல் கட்டுரையை எடுத்து, பந்திகளின் முதல் சொற்களுக்குக் கீழே கோடு போட்டுப் பாருங்கள். மனம் வருந்தத்தான் செய்யும், ஆனாலும் செய்யுங்கள்.

நொக்ஸ் கதை எனக்கும் பிடித்ததுதான். 1660இல் எங்கள் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் இருந்து தப்பிப் போனவர். ஆனால் அது கண்டி இராச்சியத்தின் கதை, துறைமுகத்தின் கதை இல்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டாம், வேறு கொப்பியில் ஒட்டி வையுங்கள். இன்னொரு நாள் உதவும். விருப்பமான பக்கத்தை வெளியே எடுப்பது கஷ்டம், எனக்கு இன்றைக்கும் கஷ்டம்தான்.

குறிப்பு எடுக்கும் விதம் பற்றியும் ஒன்று. சீ.ஆர். கொப்பியின் இடப்பக்கத்தில் புத்தகம் சொல்வதையும் பக்க எண்ணையும் எழுதுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அது உங்கள் பதிலுக்கு என்ன செய்கிறது என்று உங்கள் சொல்லில் எழுதுங்கள். வலப்பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்தத் தகவல் இந்தக் கட்டுரைக்கு இல்லை. பக்க எண்ணை அந்த நேரத்திலேயே எழுதிவிடுங்கள். நான் ஒருமுறை ஒரே ஒரு மேற்கோளின் பக்கத்தைத் தேடிப் பிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன்.

முத்தை விட்டுவிடுங்கள். அறிமுகப் பந்தியை இப்போது எழுதவே வேண்டாம். என்ன எழுதப் போகிறோம் என்று தெரியாதபோது வாசலில் நின்று யாரை வரவேற்பது? உள்ளே உள்ள பந்திகளை எழுதி முடியுங்கள். கடைசி நாளில் அறிமுகம் அரை மணி வேலை.


நிலாவெளி இரண்டாம் வருடம்:

ரீச்சர் சொன்னது நல்ல வழி. ஆனால் எல்லோருக்கும் அப்படி வராது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். எனக்கு எழுதாமல் யோசிக்கத் தெரியாது. வெறும் வாயால் சொல்லச் சொன்னால் ஒரு வசனமும் வராது. எழுத எழுதத்தான் நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியவரும்.

அதனால் நான் முதலில் குறிப்புக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை மட்டும் வைத்து ஒரே மூச்சில் மூன்று, நாலு பக்கம் எழுதுவேன். ஆண்டு மறந்தால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். வசனம் அழகாக இருக்கிறதா என்று பார்க்கமாட்டேன். இது யாருக்கும் காட்டுவதற்கு இல்லை.

அடுத்த நாள் அதை எடுத்து, ஒவ்வொரு பந்திக்கும் பக்கத்தில் "இந்தப் பந்தி என்ன சொல்கிறது" என்று பென்சிலால் ஒரு வசனம் எழுதுவேன். ஒரு வசனத்தில் சொல்ல முடியாவிட்டால் அந்தப் பந்திக்குள் இரண்டு பந்தி இருக்கிறது. இரண்டு பந்திக்கு ஒரே வசனம் வந்தால் ஒன்றை எடுத்துவிடலாம். அந்தப் பென்சில் வசனங்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதினால் அதுதான் என் திட்டம். பார்த்தீர்களா, கடைசியில் நானும் ரீச்சர் சொன்ன இடத்துக்குத்தான் வருகிறேன். வரும் வழிதான் வேறு.

எனக்கு என் பதில் எப்போதும் கடைசிப் பந்தியில்தான் கிடைக்கும். முதல் வரைவின் முடிவுரையை எடுத்து இரண்டாவது வரைவின் தொடக்கத்தில் வைப்பேன். உங்களுக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது, இரண்டு வரைவுக்கு அது போதும். மூன்று இரவு முதல் பந்தியில் நிற்கிறவருக்கு இந்த வழி பொருந்தலாம் என்று நினைத்துத்தான் எழுதினேன்.


உப்புவெளிப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், இரண்டு வழியும் செய்து பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் ரீச்சர் சொன்னபடி பழைய கட்டுரையில் கோடு போட்டேன். பதினாறு பந்தியில் பதினொன்று "மேலும்", "அடுத்ததாக", "இதனைத் தொடர்ந்து". "ஆனால்" என்று ஒரு பந்திகூடத் தொடங்கவில்லை. அந்தச் சிவப்பு வரி இப்போது எனக்கு விளங்குகிறது.

எனக்குப் பாதை இல்லை, கடையில் இருந்து வீட்டுக்குப் பஸ்தான். உப்புவெளிச் சந்தியில் இறங்குவதற்குள் பதிலைச் சொல்லப் பார்த்தேன். மூன்று நாளும் ஒல்லாந்தரில் வந்து நின்றுவிட்டேன். அவர்கள் ஏன் இவ்வளவு காலம் இதை வைத்திருந்தார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வியாழக்கிழமை இரவு நிலாவெளி அண்ணா சொன்னதுபோல் கொப்பியை மூடிவிட்டு எழுதினேன், நாலரைப் பக்கம் வந்தது. அதன் கடைசியில் எனக்கே தெரியாமல் ஒரு வசனம் எழுதியிருந்தேன்: "இந்தத் துறைமுகத்தை எல்லோரும் விரும்பியது அதில் இருந்து எதையும் எடுப்பதற்காக அல்ல, அதற்குள் ஒதுங்குவதற்காக." அதைத்தான் இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ரீச்சர், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், குறை நினைக்காதீர்கள். நீங்கள் சொன்னபடி நொக்ஸ் பக்கத்தை வேறு கொப்பிக்கு மாற்ற எடுத்தேன். ஒட்டுவதற்கு முன் திரும்ப ஒருமுறை வாசித்தேன். அவர்களுடைய கப்பல் கொட்டியாரத்துக்கு ஏன் வந்தது என்று அதில் இருக்கிறது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு முன்னால் நங்கூரம் போட்டிருந்தபோது புயல் அடித்து, பெரிய பாய்மரத்தை வெட்டி விட வேண்டி வந்தது. புதுப் பாய்மரம் போடத்தான் இங்கே அனுப்பினார்கள். நவம்பர் மாதம், சோழமண்டலக் கரைப் பக்கத்தில் புயல், ஒதுங்கி மரம் போடக் கொட்டியாரம். நீங்கள் சொன்ன பருவக்காற்று வசனத்துக்கு இதைவிட நல்ல சாட்சி என் 34 பக்கத்திலும் இல்லை. அதுவும் 1782 சண்டைக்கு நூற்று இருபது வருடத்துக்கு முன்பே. நான் முன்பு எழுதியிருந்தது அவர் பிடிபட்ட கதையையும் தப்பிய கதையையும் மட்டும்தான். கப்பல் வந்த காரணத்தை ஒரு வரியில் தாண்டிப் போயிருந்தேன். அவரை உள்ளே வைத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. எங்கள் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டியதைப் பற்றி இரண்டு பக்கம் வைத்திருக்கிறேன். அதை வெளியே எடுக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் வலப்பக்கத்தில் என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை.


கிண்ணியா ரீச்சர்:

தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதுதான் பிழை. எனக்கும் அவர் பிடிபட்ட கதைதான் நினைவில் இருந்தது, கப்பல் ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். அவருக்கு இரண்டு வசனம் போதும்: புயல், பாய்மரம், கொட்டியாரம். பிடிபட்டதை "பின்னர் அங்கேயே சிறைப்பிடிக்கப்பட்டார்" என்று முடித்துவிட்டு மேலே போங்கள். கொட்டியாரக் குடாவையும் உள்துறைமுகத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் வேறு வேறு என்று ஒரு சொல் எழுதுங்கள்.

கோயிலைப் பற்றி. அது உங்கள் ஊரின் பெரிய காயம், எழுதும்போது கை நீளத்தான் செய்யும். அந்த இரண்டு பக்கத்தில் துறைமுகத்துக்கு வேலை செய்யும் ஒரு விஷயம் இருக்கிறது: கோட்டையை எங்கே கட்டினார்கள் என்பது. உள்துறைமுகத்தின் வாயில் அல்ல, வெளிக் குடாவைப் பார்க்கும் அந்த மலைமுனையில். உள்துறைமுகத்தின் வாயைக் காக்க ஒல்லாந்தர் பிறகு ஒஸ்ரன்பேர்க் முனையில் வேறு அரண் கட்ட வேண்டியிருந்தது. போர்த்துக்கேயருக்கு இந்த இடம் எதற்கு வேண்டியிருந்தது என்று அதில் இருந்து கேளுங்கள், வலப்பக்கம் நிரம்பும். இடித்த செய்தி அந்தப் பந்திக்குள் தன் இடத்தில் நேராக நிற்கட்டும்.

ஒல்லாந்தரில் நின்றது பற்றிச் சொன்னீர்கள். இந்த ஞாயிறு அதற்கு மட்டும். 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து கோட்டையைப் பிடித்தவர்கள், பிறகு வைத்திருக்காமல் விட்டுப் போய், 1665இல் திரும்ப வந்தார்கள். ஏன் போனார்கள், ஏன் திரும்ப வந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். எழுதியதும் ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு அனுப்புங்கள். எனக்கும் வாசிக்க விருப்பம்.


உப்புவெளிப் பிள்ளை:

சரி ரீச்சர். ஞாயிறு நூலகம் திறந்ததும் போகிறேன். ஒல்லாந்தர் பந்தியை "ஆனாலும்" என்று தொடங்கி வைத்திருக்கிறேன், மீதி வசனம் இன்னும் வரவில்லை.